அரைத்துணிப் புண்ணும் கிருமிநாசினிக் களிம்பும்

(ஆம்பூரில் நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் இன்று பேசுதற்கு எடுத்துக்கொண்ட பொருளைக் காரியதரிசி அவர்கள் வாசித்தபோது சபையிற் சிலர் முறுவலித்ததைக் கண்டோம். தமிழாசிரியர் ஒருவர் மேடையேறினால் இலக்கிய நயமோ ஒழுக்க நெறியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது வழக்கம். அங்ஙனமிருக்க, சிசுக்களின் அரைத்துணிப் புண்ணைப் பற்றியும் அதன்மேற் பூசும் களிம்பைப் பற்றியும் பேச வந்தது நகைப்புக்கிடமாகத் தோன்றுதல் இயல்பே. ஆயினும் இப்பொருளை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் வீட்டில் நேர்ந்த ஒரு பிழையே நம்மை இங்குப் பேசச் செய்தது. அப்பிழையைப் பின்னர்க் கூறுவோம். நாம் வைத்தியர் அல்லோம். கூறப்போவன யாவும் வைத்தியர் வாயிலாகக் கேட்டறிந்தனவும் நூல்களிற் கண்டனவுமேயன்றி நம் சொந்தக் கற்பனையல்ல என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்ளுகிறோம்.

அரைத்துணிப் புண் என்பது யாது? குழந்தையின் இடுப்பிற் கட்டும் துணியோ, இக்காலத்து டயாபரோ மூடியிருக்கும் இடத்தில் தோல் சிவந்து, எரிச்சலுற்று, சில வேளை உரிந்தும் காணப்படுவது. தொடையின் உட்புறத்திலும் பிட்டத்திலும் இது முதலிற் தோன்றும். குழந்தை சிறுநீர் கழிக்குந்தோறும் வீரிட்டழும். துணி அவிழ்க்கக் கை வைத்தாலே காலை உதைத்துக்கொள்ளும். சில பாட்டிமார் இதனையும், குழந்தையின் உடலிற் காணும் வேறு சிவப்புகளையும் செவ்வாப்பு என்னும் ஒரே பெயராற் சுட்டி, மந்திரித்து விடுவதும் உண்டு. பெயர் எதுவாயினும் குழந்தை படும் துன்பம் ஒன்றே.

இதன் காரணத்தை வேற்றூரார்க்கு விளக்குவதினும் நம்மூரார்க்கு விளக்குதல் எளிது. ஏனெனில் தோலின் இயல்பை நம்மினும் நன்கறிந்தார் யாவர்? வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்னும் இவ்வூர்களில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டு வருகிறோம். பச்சைத்தோலிலுள்ள மயிரைப் போக்குவதற்கு முதலில் யாது செய்கிறோம்? சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த நீரில் ஊறவிடுகிறோம். அக்காரம் ஏறியவுடன் தோல் உப்புகிறது, மயிர்க்கால்கள் நெகிழ்கின்றன. பின்னர்ச் சுண்ணாம்பைப் போக்கி, நொதிப்பொருளை இட்டு, தோலை மெத்தென்று ஆக்குகிறோம். முற்காலத்தில் இவ்வேலைக்கு நாயின் மலத்தையும் புறாவின் எச்சத்தையும் பயன்படுத்தினர் என்பதை முதியோர் கேட்டிருப்பீர்கள். அம்மலத்திலுள்ள நொதிகளே வேலை செய்கின்றன என்பது தெரிந்தபின், ஓட்டோ ரோம் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர் 1907ஆம் ஆண்டளவில், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு அதே காரியத்தைச் செய்து காட்டினார்.

இனிக் குழந்தையின் இடுப்பைக் கவனிப்போம். நல்ல தோலுக்கு மெல்லிய புளிப்புத் தன்மை ஒன்று இயற்கையாக உண்டு. அதுவே அதன் கவசம். ஈரத்துணி நெடுநேரம் ஒட்டிக் கிடந்தால் தோல் ஊறி நெகிழ்கிறது. சிறுநீரும் மலமும் கலக்கும்போது சிறுநீரிலுள்ள யூரியா பிரிந்து அமோனியாவாகிறது. காலையில் அவிழ்க்கும் துணியில் வீசும் நவச்சார நெடி அதுவே. அமோனியா காரமாதலின் தோலின் புளிப்புக் கவசம் அழிகிறது. காரம் மிகுந்தவிடத்து, மலத்திலுள்ள கணைய நொதிகள் உரம் பெற்றுத் தோலைத் தின்னத் தொடங்குகின்றன. அதன்மேற் துணியின் உராய்வும் சேருகின்றது. ஆகவே சகோதரர்களே, ஆலையில் ஆட்டுத்தோலுக்கு எதைச் செய்கிறோமோ அதனையே வீட்டிற் பச்சைக் குழந்தையின் தோலுக்கு அறியாமற் செய்கிறோம்! ஊறவைத்து, காரமேற்றி, நொதியிட்டு, உராய்கிறோம். ஆலையில் அது தொழில். வீட்டில் அது புண்.

இக்கருத்து புதியதுமன்று. சுசுருத சங்கிதையில் 'அகிபூதனம்' என்று ஒரு சிறு நோய் கூறப்பட்டிருக்கிறது. மலமும் சிறுநீரும் பட்ட குழந்தையைக் கழுவாது விடுவதாலும், வியர்த்த குழந்தையை நீராட்டாது விடுவதாலும் அரிப்பு உண்டாகி, சொறியச் சொறியப் புண்ணாகி நீர் கசியும் என்பது அந்நூலின் கருத்து. இத்துணைக் காலத்துக்கு முன்னரே கழுவாமையே காரணம் என்று கண்டிருக்கிறார்கள். இக்காலத்து வைத்தியரும் அதனையே கூறுகின்றனர். இடையில் நாமே வழி தவறினோம்.

எங்ஙனம் தவறினோம் எனின், சிவப்பைக் கண்டவுடன் 'கிருமி' என்று முடிவு செய்து, கிருமிநாசினிக் களிம்பைத் தேடுகிறோம். ஜோசப் லிஸ்டர் என்னும் ஆங்கில ரண வைத்தியர் 1867ஆம் ஆண்டில், கார்பாலிக் அமிலத்தாற் காயங்களைக் காத்தால் அவை சீழ்ப்பிடியாமல் ஆறும் என்பதை உலகுக்கு வெளியிட்டார். அதனாற் பிழைத்த உயிர்கள் எண்ணிறந்தன. அப்பெரியாரின் வழியில் வந்தவையே நம் வீட்டு அலமாரியிலுள்ள களிம்புகள். காயத்திற் புகும் கிருமியைத் தடுப்பது அவற்றின் வேலை. ஆனால் அரைத்துணிப் புண்ணின் தொடக்கத்தில் பகை கிருமியன்று. ஈரமும் காரமும் உராய்வுமே பகை. திருடன் கொல்லைப்புறமாக வருகையில் வாசலுக்கு மட்டும் பூட்டிட்டால் பயன் யாது?

பயனின்மையோடு நின்றாலும் பெரிதில்லை, தீங்கும் உண்டு. குழந்தையின் எடைக்கு அதன் தோற்பரப்பு மிகுதி. பெரியவர்க்கு உள்ளதைப் போல இரண்டு மூன்று மடங்கு எனலாம். அத்தோல் உரிந்திருந்து, அதன்மேற் டயாபரும் இறுக மூடியிருந்தால், பூசிய மருந்து உள்ளே இறங்கி இரத்தத்திற் கலப்பது எளிதாகிறது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் மேனாடுகளில் போரிக் அமிலத் தூளைச் சிசுக்களின் இடுப்புப் புண்ணிற் தூவி வந்தனர். அது உரிந்த தோல்வழி ஏறிச் சில சிசுக்கள் மாண்டபின்னரே அவ்வழக்கம் ஒழிந்தது. 1972ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் ஹெக்சாகுளோரோபீன் என்னும் கிருமிநாசினி தவறுதலாக மிகுதியாகக் கலந்துவிட்ட குழந்தைப் பவுடரால் 36 சிசுக்கள் உயிரிழந்தன. அன்னையர் அன்போடு தூவிய பவுடர் அது! எவரும் நஞ்சென்று எண்ணித் தூவவில்லை.

இவற்றைக் கூறுவது அச்சமூட்டுதற்கன்று. அப்பழைய பவுடர்கள் இன்று நம் கையில் இல்லை. ஆயினும் 'மேலே பூசுவதுதானே, என்ன செய்துவிடும்?' என்னும் எண்ணம் பொய் என்பதற்கு அவை சான்று. போவிடோன் அயோடின் களிம்பைப் பச்சிளங் குழந்தைக்கு மிகுதியாகப் பூசினால், அயோடின் உள்ளேறிக் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியின் வேலையைத் தடுக்கக்கூடும். நியோமைசின் கலந்த களிம்பு சிலர்க்கு ஒவ்வாமையை உண்டாக்கிப் புதிய தடிப்பை விளைவிக்கும். 1929ஆம் ஆண்டிற் கல்கத்தாவிற் தோன்றிய போரோலின் முதலாகப் போரிக் அமிலம் சேர்ந்த களிம்புகள் பல நம் வீடுகளிற் பழகிவிட்டன. பெரியவர் உதட்டு வெடிப்புக்கும் குதிகால் வெடிப்புக்கும் அவை உதவலாம். உரிந்து கசியும் சிசுவின் இடுப்பு அவற்றுக்குரிய இடமன்று.

நிற்க. இப்போது நம் வீட்டிற் நேர்ந்ததைக் கூறுவோம். 2016ஆம் ஆண்டிற் நம் இளைய மகள் எட்டு மாதக் குழந்தை. கோடைக்காலம். இரவிற் துணி மாற்றும் தொல்லையின்றி எல்லோரும் உறங்கலாம் என்று டயாபர் போட்டு, விடியும் வரை அப்படியே விடுவது வழக்கமாயிற்று. இடுப்பு சிவந்தது. வீட்டிலிருந்த கிருமிநாசினிக் களிம்பைத் தடிமனாக மும்முறை பூசினோம். பூசி, மறுபடியும் டயாபரை இறுக்கினோம். குறையவில்லை. மருந்துக் கடைக்குச் சென்று கேட்டோம். கடைக்காரர், கிருமி, காளான், அரிப்பு மூன்றுக்கும் ஒரே மருந்து என்று ஒரு சிறு குழாய்க் களிம்பைத் தந்தார். மருத்துவர் சீட்டு எதுவும் அவர் கேட்கவில்லை, நாமும் கொடுக்கவில்லை. பூசிய இரண்டாம் நாள் சிவப்பு மாயமாய் மறைந்தது. அக்கடைக்காரரைத் தன்வந்திரி என்றே புகழ்ந்தோம்!

நிறுத்திய மூன்றாம் நாள் சிவப்பு இருமடங்காக மீண்டது. மறுபடியும் பூசினோம், மறைந்தது. நிறுத்தினோம், மீண்டது. இங்ஙனம் ஏறக்குறைய ஆறு வாரம் சென்றது. பின்னர் நம் மனைவியார் ஒருநாட் குழந்தையைக் குளிப்பாட்டுகையில், 'தோல் கண்ணாடிபோல் மின்னுகிறதே, உள்நரம்பு தெரிகிறதே' என்று பதறினார். தொடையிடுக்கிற் செந்நிறத் தடிப்பும், அதனைச் சூழச் சிறுசிறு செம்புள்ளிகளும் பரவியிருந்தன. அன்றே வேலூருக்குக் கொண்டு சென்றோம். குழந்தை வைத்தியராகிய அம்மையார் குழந்தையைப் பார்த்துவிட்டு, 'பூசிய மருந்தைக் கொண்டு வந்தீர்களா?' என்றார். குழாயை நீட்டினோம். அதனைத் திருப்பி, சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்ததைச் சுட்டி, 'இதைப் படித்தீர்களா, ஐயா?' என்று கேட்டார்.

சபையோர்களே, அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. மாணாக்கன் ஒற்றெழுத்து ஒன்றை விட்டாலும் மதிப்பெண் குறைப்பவர் நாம். பொருளறியாது ஒப்பித்தலைக் கல்வியன்று என்று வகுப்பிற் கடிந்துரைப்பவர் நாம். நம் மகளின் தோலிற் பூசியதன் பெயரை ஆறு வாரமும் ஒருமுறையேனும் படிக்கவில்லை. அக்குழாயில் இருந்தது குளோபெட்டசால் என்னும் வீரியமிக்க ஸ்டீராய்டு. அது சிவப்பை அடக்கிக் காட்டும்; நோயைத் தீர்க்காது. அடக்கப்பட்ட தோல் தன்னைக் காக்கும் வலிமை இழக்கும், காளான் தங்குதடையின்றி வளரும், தோல் மெலியும். இடுப்பிற் டயாபர் மூடிய நிலையில் நெடுநாட் பூசினால் மருந்து உடலெங்கும் பரவி, முகம் உப்பி, வளர்ச்சி குன்றி, உடலே தனக்கு வேண்டிய சுரப்பைச் சுரக்க மறந்துவிடுவதும் உண்டு. இறையருளால் நம் குழந்தைக்கு அவ்வளவு நேரவில்லை. அம்மையார் சொற்படி நடந்து, ஒரு மாதத்துக்கு மேற் காத்திருந்து, தோல் பழைய நிலை எய்தியது. அம்மாதம் முழுவதும் அக்குழந்தையின் முகத்தைப் பார்க்க நமக்கு நாணமாயிருந்தது.

நம்மைப்போற் பிழைத்தவர் பலர். இந்தியா முழுவதும் சரும வைத்தியர்கள் இக்கேட்டினை எதிர்த்துக் குரலெழுப்பினர். அதன்பின் 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மத்திய அரசாங்கம் பூச்சுக்குரிய 14 ஸ்டீராய்டு மருந்துகளை, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, ஆயினும் கேட்பவர் இருக்கும் வரையில் கொடுப்பவரும் இருப்பர். ஆதலின் காவல் நம் கண்ணிலேயே இருத்தல் வேண்டும். களிம்பு வாங்கும்போது குழாயின்மேற் செங்குத்தான சிவப்புக் கோடு உண்டா என்று பாருங்கள். இருந்தால் அது மருத்துவர் சொல்லின்றிப் பூசத்தகாதது. உள்ளடங்கிய மருந்துகளின் பெயர்களைப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன் என்றாற்போலச் 'சோன்' என்று முடிவன பெரும்பாலும் ஸ்டீராய்டுகளே, குளோபெட்டசாலும் அவ்வினமே. ஆங்கிலம் படிக்கத் தெரியாத தாய்மார், பள்ளிக்குச் செல்லும் மகளையோ மகனையோ கொண்டு படிக்கச் செய்யுங்கள். பிள்ளைகளைப் படிக்கவைத்ததன் முதற்பயன் அதுவாக இருக்கட்டும். இவற்றை ஏற்கெனவே நெடுநாட் பூசி வருவோர் திடீரெனத் தாமே நிறுத்தாமல், குழாயுடன் வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும்.

இனி, செய்யத்தக்கது யாது என்று முறையாகக் கூறுவோம்.

முதலாவது, ஈரத்தை அகற்றுதல். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை துணியையோ டயாபரையோ மாற்றுங்கள். மலங்கழித்தால் அக்கணமே மாற்றுங்கள். இரவிலும் ஒருமுறையேனும் எழுந்து பாருங்கள்.

இரண்டாவது, கழுவுதல். வெதுவெதுப்பான நீரும் மெல்லிய பருத்தித்துணியும் போதும். சோப்பிட்டுத் தேய்த்தலும், நறுமணமூட்டிய ஈரக் காகிதத்தாற் துடைத்தலும் புண்பட்ட தோலை மேலும் வருத்தும். ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

மூன்றாவது, காற்றாட விடுதல். கழுவியபின் பத்துப் பதினைந்து நிமிஷமேனும் குழந்தையை இடுப்பிற் துணியின்றி, பழைய வேட்டியை விரித்து அதன்மேற் கிடத்துங்கள். நாளொன்றுக்குப் பலமுறை இங்ஙனம் செய்வதற்கு ஈடான மருந்து கடையில் இல்லை.

நான்காவது, மறைப்பிடுதல். துத்தநாகத்திலிருந்து செய்யப்படும் ஜிங்க் ஆக்சைடு களிம்பையோ, வெறும் வாசலைனையோ தோல் உலர்ந்தபின் தடிமனாகப் பூசுங்கள். இவை கிருமியைக் கொல்வதற்கல்ல. ஈரத்துக்கும் தோலுக்கும் நடுவே சுவராக நிற்பதற்கு. அடுத்த முறை மாற்றும்போது மேலுள்ள அழுக்கை மட்டும் நீக்கி, மீண்டும் பூசுங்கள். அடியிலுள்ளது முழுவதையும் சுரண்டி எடுக்கவேண்டுவதில்லை. பவுடர் வேண்டா, அதன் தூசு குழந்தையின் மூச்சிற் புகும். மஞ்சளும் வேண்டா, அது சிவப்பை மறைத்து, புண் வளர்கிறதா குறைகிறதா என்பதை அறியவொட்டாது செய்யும்.

அங்ஙனமாயின் கிருமிநாசினிக் களிம்பு எதற்குத்தான் என்று கேட்பீர்கள். அதற்கும் தக்க இடம் உண்டு. நகங்கீறிய கீறல், தவழ்கையிற் தேய்ந்த முழங்கால், பெரியவர் கையிற் பட்ட சிறு வெட்டு ஆகியவற்றுக்கு அது உதவும். அதனையும் முறையோடு பயன்படுத்துதல் வேண்டும். கையைக் கழுவிக்கொண்டு, காயத்தையும் ஓடும் நீரிற் கழுவி ஒற்றியபின், துவரம்பருப்பளவு எடுத்து மெல்லிதாகப் பூசுங்கள். உறையில் அச்சிட்ட முறையை மீறாதீர்கள். கண், வாய், காதுத் துவாரம் ஆகிய இடங்களில் படவிடாதீர்கள். இரண்டு களிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசாதீர்கள். பூசிய இடம் முன்னினும் சிவந்து அரித்தால் உடனே கழுவி நிறுத்துங்கள். காலாவதித் தேதி கடந்ததை எறிந்துவிடுங்கள். ஒருவர் புண்ணிற் தொட்ட குழாயை மற்றொருவர்க்குக் கொடாதீர்கள். சிசுவின் இடுப்பிற் மட்டும், வைத்தியர் சொன்னாலன்றி அதனைப் பூசாதீர்கள்.

நம் ஊருக்கே உரிய சில எச்சரிக்கைகளும் உண்டு. பாலாற்றங்கரை நிலத்தடி நீர் தோற்கழிவால் உப்பேறிக் கெட்டதை 1996ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்துரைத்தது. உப்பும் கடினமும் மிகுந்த நீரிற் சோப்பு நுரைப்பதில்லை. திரைந்து துணியின் இழையிலேயே தங்கிவிடும். அத்துணி உலர்ந்தபின் விறைத்துக் குழந்தையின் தொடையை அறுக்கும். ஆதலின் ஆழ்குழாய் நீரிற் துவைத்தாலும், கடைசி அலசலையேனும் நல்ல நீரில், சோப்பு முற்றும் போகும்வரை செய்யுங்கள். மழைநீர் பிடித்து வைத்திருப்போர்க்கு அதுவே சிறந்தது. டெட்டால் போன்ற திரவத்தில் துணியை நனைத்து அலசாமல் உலர்த்துவதும் எரிச்சலுக்கு இடமாகும். நல்ல வெயிலிற் காயவைத்தலே போதும்.

ஆலையிலிருந்து திரும்பும் ஆடவர்க்கு ஒரு சொல். அன்பினால் ஓடிவந்து குழந்தையைத் தூக்குகிறீர்கள். சுண்ணாம்பும் குரோம் உப்பும் ஒட்டிய கை அது. அவை தெறித்த சட்டை அது. கை கழுவி, உடை மாற்றியபின் தூக்குங்கள். அவ்வுடையைக் குழந்தையின் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். உங்கள் விரலிடுக்கிற் காணும் வெடிப்பையும் சொறியையும் கிருமிப்புண் என்று கருதிக் களிம்பு பூசுகிறீர்கள். குரோமின் ஒவ்வாமையால் வந்த சொறியாயின், குரோமைத் தொடுவது நிற்கும் வரையில் எக்களிம்பும் அதனைத் தீர்க்காது. உறை அணியுங்கள். வேலை முடிந்தபின் கையைக் கழுவி வாசலைன் தடவுங்கள். வாரக்கணக்கில் ஆறாவிடில் வைத்தியரிடம் காட்டுங்கள். காரம் கையிலோ கண்ணிலோ தெறித்தால் களிம்பைத் தேடாது, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும் நீரிற் கழுவியபின் வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

குழந்தையை எப்போது வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும்? மேற்கூறிய முறைகளை மூன்று நாட் செய்தும் குறையாவிடில், தொடை மடிப்புகளுக்குள்ளும் சிவந்து, சுற்றிலும் தனித்தனிச் செம்புள்ளிகள் காணின் - இது பெரும்பாலும் காளான், அதற்கு வேறு மருந்து உண்டு, கொப்புளம், சீழ், இரத்தம் காணின், காய்ச்சல் இருந்தால், குழந்தை பால் குடியாது சோர்ந்தால். இவற்றுள் ஒன்று காணினும் கடைக்கு அன்று, வைத்தியரிடமே செல்லுங்கள். பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசுவாயின் சிறு கொப்புளத்துக்கும் காத்திருத்தல் ஆகாது.

முடிவாகச் சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள். நம் பெண்மக்களிற் பலர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்கின்றனர். 50 பேருக்குக் குறையாது வேலை செய்யும் இடங்களிற் குழந்தைகள் காப்பகம் இருத்தல் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்தது. அவ்வுரிமையை நம் பெண்கள் அறியச் செய்யுங்கள். அக்காப்பகங்களில் நேரந்தவறாது துணி மாற்றப்படுகிறதா என்று கேட்பதும் நம் கடமை. இரண்டாவது, மகப்பேற்றுக்கு வரும் ஒவ்வொரு வீட்டுக்கும் சங்கத்தின் சார்பிற் பன்னிரண்டு மெல்லிய பருத்தித்துணிகளையும், இங்குக் கூறிய முறைகளை அச்சிட்ட தாள் ஒன்றையும் அளிக்கலாம். பொன்னும் வெள்ளியும் வழங்கும் சீரினும் இச்சீர் குறைந்ததன்று. மூன்றாவது, வைத்தியர் ஒருவரை ஆண்டுக்கொருமுறை இம்மேடைக்கு அழைத்து, தாய்மார் தம் வீட்டுக் களிம்புக் குழாய்களைக் கொண்டுவந்து காட்டும்படி ஏற்பாடு செய்யலாம். எத்தனை குழாய்கள் அன்றே குப்பைக்குச் செல்லும் என்பதைக் காண்பீர்கள்!

நம் சமூகம் முன்னேற வேண்டும் என்று இம்மேடையிற் பலர் பேசினர். கல்லூரியும் உத்தியோகமும் முன்னேற்றமே, மறுக்கவில்லை. ஆயினும் தொட்டிலிற் கிடக்கும் குழந்தையின் துணியை நேரத்தில் மாற்றுதலும், அதன் தோலிற் பூசுவதைப் படித்தறிந்து பூசுதலும் முன்னேற்றத்தின் முதற்படி. தோலைப் பதனிட்டு உலகுக்கெல்லாம் அனுப்பும் ஊரார் நாம். நம் மக்களின் தோலை நோகாது காக்கக் கற்போமாக. நாம் படிக்கத் தவறிய அச்சிறு எழுத்துகளை நீங்கள் படிக்கத் தவறாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள்.